படம் வந்தது, சத்தம் வரவில்லை

"அப்போ பழசையே திரும்பப் போட்டுக் குடுத்துடேன்."

"பழசா இருந்தா இந்நேரத்துக்கு அது திறந்துகிட்டுதான் இருக்கும்க்கா. நாம டீ குடிச்சு டம்ளரைக் கழுவிக் கவுத்திருப்போம், அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்."

"சுத்தட்டுமே. கடைசியில ஓடும்ல. உன் பென்குயின் ஓடவே மாட்டேங்குதே."

அக்கா இதையெல்லாம் கிசுகிசுத்தாள். நானும் கிசுகிசுப்பாகத்தான் பதில் சொன்னேன். சமையலறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் கூடத்தில், கணினிக்கு முன்னால் அத்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பேசத்தான் தடை, கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசியதில்லை. குக்கர் விசில் அடிக்கப்போகிறது என்று தெரிந்தால் அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். பால் பாக்கெட் போடுகிறவர்கூட அந்த வீட்டு வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார் என்று நான் கிண்டல் செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டால் நல்லதுதான் என்றாள்.

அத்தான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை விசாரணை அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்பவர். ஊரில் அவர் முகம் தெரிந்தவர்கள் குறைவு. கடைக்குப் போய் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "அரைக் கிலோ வெங்காயம்" என்று வாயைத் திறந்தால் மொத்தக் கடையும் திரும்பும். ஒருமுறை ஒரு பெரியவர், பழக்கதோஷத்தில், கீழே வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டாராம்.

அந்தக் குரலில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. நிஜமான முடிச்சு. குரல் நாணின் மேல் கடுகளவுக்கு ஏதோ வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள். கெட்ட வியாதி எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஆனால் புண் ஆறும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. கிசுகிசுப்பு அதைவிடக் கூடாது, அது நாணை இன்னும் அதிகமாக வருத்தும். ஆக, எந்தத் தடையும் இல்லாத நாங்கள் எல்லோரும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். தடை இருந்தவர் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார்.

அந்த மௌனம் இன்றோடு முடிகிறது. இன்று பயிற்சி ஆரம்பம். தானாக எதுவும் முயலக்கூடாது, டிவிடியைப் போட்டு, அதில் தான் சொல்வதைத் தன்னோடு சேர்ந்து செய்தால் போதும் என்று குரல் பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள், அவர்கள் வீடுகளில் டிவிடி போடத்தான் வழி இருக்கும். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் டிவிடிதான். அக்கா வீட்டில் அதைப் போடக்கூடிய ஒரே சாமான் அந்தப் பழைய கணினி.

பழைய கணினிதான், ஆனால் உள்ளே இருப்பது புதிது. போன வருடம் அது நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, உள்ளே இருந்ததை முழுக்கத் துடைத்துவிட்டு பென்குயின் சின்னம் வைத்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தது நான். நான் நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே எல்லாமே இதுதான். காசு கிடையாது, பூட்டு கிடையாது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றி எழுதலாம். எங்கெங்கோ, ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆட்கள், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து எழுதியது. எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கும். எல்லோரும் ஆளுக்கொரு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே வீட்டைக் கட்டுகிற மாதிரி. இதை அத்தானிடம் விளக்கியபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ ஓசி" என்றார். அன்றிலிருந்து அதற்கு ஓசிப்பெட்டி என்று பெயர்.

நான் கூடத்துக்குப் போனபோது அத்தான் பலகையைத் தூக்கிக் காட்டினார். "ஓசிப்பெட்டி வேலைநிறுத்தம்."

திரையில் ஒரு சின்னக் கட்டம். இந்தப் படத்தைத் திறக்கத் தேவையான கோடெக் இல்லை என்றது. தட்டு மட்டும் உள்ளே கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு விளக்கம் வேண்டும். விளக்கம் இல்லாமல் எந்தத் தாமதத்தையும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், தொழில் அப்படி. ஒரு படம் அப்படியே இருந்தால் மலை மாதிரி இடம் பிடிக்கும், அதனால் துணியை மடித்து அடுக்குகிற மாதிரி மடித்து வைத்திருப்பார்கள், அந்த மடிப்பைப் பிரிக்கத் தெரிந்த ஆள் நம் கணினியில் இல்லை, அவ்வளவுதான் என்றேன். சிலருடைய மடிப்புக்கு உரிமை உண்டு, அதனால் அந்த ஆளை இதோடு சேர்த்தே அனுப்ப மாட்டார்கள், நாமாகப் போய்க் கூப்பிட வேண்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதினார். "கூப்பிடு."

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினேன். படம் ஓட்டும் மென்பொருள் ஒன்று, மடிப்புப் பிரிக்கும் கோப்புகள், டிவிடி படிக்கும் துணைக்கோப்பு. கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. அது அத்தானுக்கு மட்டுமே தெரிந்தது. நான் வைத்துக் கொடுத்ததை அவர் மறுநாளே மாற்றியிருந்தார். நாகரிகமாக நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பிறகு என் தோளில் பலகை இடித்தது. "கீபோர்டு செத்துப்போச்சு."

சாகவில்லை. கறுப்புத் திரையில் கடவுச்சொல் தட்டும்போது எதுவுமே தெரியாது. புள்ளிகூட வராது. அது பாட்டுக்கு மௌனமாக வாங்கிக்கொள்ளும். இதைச் சொன்னதும் அத்தான் திரையை ஒரு மாதிரிப் பார்த்தார். டீயோடு வந்த அக்கா, இந்த வீட்டில் அவருக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது என்றாள்.

அவர் மறுபடி தட்டினார். தவறு என்றது. இன்னொரு முறை. தவறு. அதற்குள் எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. எந்தச் சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அத்தானுக்குத் தட்டத் தெரியும். கூண்டுக்குள் அவர் வேலையே அதுதான், வாய் முன்னால் போகும், விரல் பின்னால் போகும். வாயைக் கட்டிப்போட்டதும் விரலுக்கு வழி தெரியவில்லை. சத்தம் இல்லாமல், மூச்சு இல்லாமல், வெறும் உதட்டை மட்டும் அசைத்துப் பாருங்கள் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊமையாக உதட்டை அசைத்தார். விரல்கள் கூடவே ஓடின. கணினி ஏற்றுக்கொண்டது.

நான்தான் திரும்பிக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பவில்லை.

"அடப்பாவமே" என்றாள் அக்கா. "பக்கத்து வீட்டு நாயோட பேரு. தெருவே நாள் முழுக்கக் கூப்பிடுற பேரைப் போய் ரகசியமா வச்சிருக்காரு."

அத்தான் பலகையில் நிதானமாக எழுதினார். "அதான் யாருக்கும் சந்தேகம் வராது."

அதற்குப் பிறகு வரிகள் கீழிருந்து மேலாக ஓடத் தொடங்கின. ஒவ்வொரு கோப்பாக வந்து சேருவதை அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் வருகிறது, சதவீதம் ஏறுகிறது, முடிந்தது, அடுத்தது. அவருக்கு அது பழகின காட்சி. ஒரு கோப்பு பாதியில் நின்றுவிட்டது. கோப்புகளை அனுப்புகிற இணையக் கிடங்கிலிருந்து பதில் வரவில்லை. நான் வேறொரு கிடங்குக்கு மாற்றிவிட்டேன். அத்தான் எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும்படி பிடித்தார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மாற்றுப் பாதை." கையெழுத்தில்கூட அந்த அறிவிப்புக் குரலின் இழுவை இருந்தது.

காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கி அக்கா வீட்டுக் கூடம்வரை கேட்கும். அப்போது கேட்டது. அத்தானுக்குப் பதிலாக டிக்கெட் கவுண்டரிலிருந்து ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். நல்ல பெண்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் யாரோ துரத்துகிற மாதிரி சொல்வாள். மேடை எண்ணை மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியில் போடுவாள், அதற்குள் வண்டி கிளம்பிவிடும். அத்தான் தலையைச் சாய்த்துக் கேட்டார். முன்பெல்லாம் அவளுடைய ஒவ்வொரு பிழைக்கும் பலகையில் ஒரு கோடு போடுவார். இப்போது போடவில்லை. மெதுவாக எழுதினார், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

"வேற குரல் வந்தா?"

டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். குரல் வரும், கட்டாயம் வரும், ஆனால் அதே குரல்தான் வரும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. வேலை போகாது. வேறு ஏதாவது மேசையில் உட்காரவைப்பார்கள். ஆனால் கடையில் வெங்காயம் கேட்டால் யாரும் திரும்பாமல் போய்விடக்கூடும். நான் ஏதாவது சொல்வதற்குள் அவர் அழித்துவிட்டார்.

வரிகள் நின்றன. எல்லாம் முடிந்தது என்று கணினி சொன்னது. நிரல்களின் வரிசையில் புதிதாக ஒரு படம் வந்து உட்கார்ந்திருந்தது. சாலையில் பள்ளம் தோண்டும்போது வைப்பார்களே, வெள்ளைக் கோடு போட்ட ஆரஞ்சுக் கூம்பு, அதேதான். இதற்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா கேட்டாள். எழுதினவர்களுக்குத் தோன்றியிருக்கிறது என்றேன். அத்தானுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சாலை சம்பந்தப்பட்ட எதுவும் அவருக்குப் பிடிக்கும். கூம்பை அவர் கையாலேயே அழுத்தச் சொன்னேன்.

படம் வந்தது.

பயிற்சியாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் வெறும் சுவர், பக்கத்தில் ஒரு தொட்டிச் செடி. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாயைத் திறந்தார். ஏதோ சொன்னார். மறுபடி சிரித்தார்.

சத்தம் வரவில்லை.

"இந்தம்மாவுக்குமா தொண்டையில ஆபரேஷன்?" என்றாள் அக்கா.

நான் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். படம் வந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி, ஒலியின் மடிப்பைப் பிரிக்கும் கோப்பு ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். தேடிப்பிடித்துச் சேர்த்தேன். வரவில்லை. தட்டில் இரண்டு மொழி ஒலி இருக்குமோ, தப்பானது ஓடுகிறதோ என்று மாற்றிப் பார்த்தேன். வரவில்லை. மென்பொருளில் ஒலி அளவை உச்சத்துக்கு ஏற்றினேன். அந்தக் கூம்புக்கு நூறோடு திருப்தி இல்லை, அதற்கு மேலும் போகும். போகவிட்டேன். கணினியின் பொது ஒலியையும் ஏற்றினேன். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஒவ்வொரு முறையும் அத்தான் ஊமையாக நாயின் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் தட்டினார். ஒவ்வொரு முறையும் பயிற்சியாளர் வயிற்றில் கை வைத்துச் சிரித்தார், வாயைத் திறந்தார்.

ஒரு கட்டத்தில் அத்தானும் வாயைத் திறந்தார். அவர் திறந்தால் இவரும் திறந்தார், அவர் மூடினால் இவரும் மூடினார். கண்ணாடித் தொட்டிக்கு உள்ளே ஒரு மீனும் வெளியே ஒரு மீனும் நின்று பேசிக்கொள்கிற மாதிரி இருந்தது. எங்களைச் சிரிக்கவைக்கத்தான் செய்தார். அக்கா சிரிக்கவும் செய்தாள்.

கடைசியில் நான் கையை விரித்தேன். ஒலியை இயக்குகிற அடிப்படைக் கோப்பே கெட்டிருக்க வேண்டும், முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டால்தான் சரிவரும், இன்றைக்கு ஆகாது என்றேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஓசிப்பெட்டி என்று அவர் எழுதப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அத்தான் எழுதினார். "அவசரமே இல்லை. அடுத்த வாரம்கூடப் பார்க்கலாம்."

எழுதிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். காலையிலிருந்து தூக்கியே இருந்த தோள் இரண்டும் இறங்கின. வண்டி ரத்தாகிவிட்டது என்று கேட்டதும், போகப் பிடிக்காத ஊருக்குப் போகவேண்டியிருந்த ஒருவர் பெஞ்சில் உட்காருவாரே, அப்படி.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். என் முழங்கையைப் பிடித்து நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சத்தம் எது வழியாடி வெளிய வரும்?" என்று கிசுகிசுத்தாள்.

"மேசைக்கு ரெண்டு பக்கமும் கறுப்பா ரெண்டு பொட்டி இருக்குல்ல, ஸ்பீக்கர். அது வழியாத்தான்."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு துணி அலமாரியைத் திறந்து, துண்டுகளுக்கு அடியில் கையை விட்டு, சுருட்டி ரப்பர் போட்ட ஒரு வயரை எடுத்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பாட்டுப் போட்டால் இவர் கூடவே முணுமுணுப்பார், அறியாமல் வாய் திறந்துவிடும் என்று பயந்து, அவர் வீட்டுக்கு வந்த அன்றே உருவி வைத்துவிட்டாளாம். ரேடியோவின் பேட்டரியும் அழைப்புமணியின் பேட்டரியும் அதே துண்டுகளுக்கு அடியில் இருந்தன. அப்புறம் மறந்தே போய்விட்டது என்றாள். எனக்கோ மேசைக்கு அடியில் கையை விட்டுப் பார்க்கவே தோன்றவில்லை. நூலகத்தில் ஆளாளுக்குக் காதில் மாட்டும் கருவி, ஸ்பீக்கர் வயரோடு எனக்குப் பழக்கமில்லை என்பது ஒன்று. அதைவிட, அந்த வீட்டில் ஒரு பொருள் சத்தம் போடாமல் இருப்பது எனக்குக் கோளாறாகவே படவில்லை. கதவுகூடச் சத்தம் போடாத வீட்டில் கணினி மட்டும் ஏன் போட வேண்டும்?

வயரைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நகரவில்லை.

"அவரு பயந்துகிட்டு இருக்காருடி."

"தெரியும்."

"இதைச் செருகினா இன்னிக்கே தெரிஞ்சிடும். செருகலைன்னா இன்னும் ஒரு வாரம் நிம்மதியா இருப்பாரு."

அது எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. கூடத்தில் அத்தான் டீ டம்ளரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது, அதுவும் மெத்தென்று. அக்கா வயரிலிருந்து ரப்பரைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

"ஒரு வாரம் நிம்மதியா இருந்துட்டு என்ன பண்ணப்போறாரு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மேசைக்கு அடியில் குனிந்து, எந்தத் துளை என்று கேட்டாள். பச்சை என்றேன். செருகினாள். நான் ஏற்றிவைத்த எல்லா அளவுகளும் உச்சத்தில் இருக்கின்றன என்பது அந்த நொடியில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அவசரமே படாதீங்க" என்று பயிற்சியாளர் கர்ஜித்தார். "மூச்சு... மெதுவா... மென்மையா..."

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்கா மேசையில் தலையை இடித்துக்கொண்டாள். உலகத்திலேயே சாந்தமான அந்தப் பெண்மணி, ஊருக்கே உத்தரவு போடுகிற குரலில், பூவை முகர்வது போல மூச்சை இழுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியது. நான் மவுஸைத் தேடினேன், அது கீபோர்டுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. நாய் இன்னும் குரைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, அதன் பெயரைச் சொல்லி, ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப, தெருவே கேட்க அதட்டினார். அந்த வீட்டு ரகசியச் சொல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

அத்தான் சிரித்துவிட்டார்.

வாயைத் திறந்து, சத்தத்தோடு. வெளியே வந்தபிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் ஒலியைக் குறைத்து, படத்தை நிறுத்தியிருந்தேன். பயிற்சியாளர் பாதி மூச்சில் நின்றுகொண்டிருந்தார். அக்கா மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்தது, சாவித் துவாரம் வழியாகக் காற்று வருகிற மாதிரி ஒரு சத்தம், அதன் அடியில் தடிமனாக இன்னொன்று. அது எங்களுக்குத் தெரிந்த சிரிப்பு இல்லை. ஆனால் மோசமும் இல்லை.

அத்தான் பொத்திய கையை எடுத்துவிட்டு, படத்தை ஓட்டு என்று விரலால் காட்டினார்.

ஒழுங்கான அளவில் பயிற்சியாளரின் குரல் நன்றாகவே இருந்தது. முதலில் வெறும் மூச்சு. பிறகு உதட்டைச் சேர்த்துவைத்து "ம்". அத்தான் வயிற்றில் கை வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பயிற்சியாளர் அதற்கும் இடம் விட்டிருந்தார். பரவாயில்லை, இன்னொரு தடவை என்று சொல்லிக் காத்திருந்தார், அத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரியே. பிறகு வந்தது. தூரத்தில் வண்டி ஒன்று இஞ்சின் ஓட நின்றுகொண்டிருந்தால் தரையில் ஒரு அதிர்வு கேட்குமே, அப்படி ஒரு "ம்". அத்தான் மார்பில் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தார். அக்கா எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளுக்குத் தெரியாமலே அவளும் உதட்டைச் சேர்த்துவைத்திருந்தாள்.

"ம்" ஏறியது, இறங்கியது. "மா" ஆனது. "மோ" ஆனது. நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்து கேட்டேன். யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ, வேலைவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார்களே, அவர்களில் ஒருவரையாவது கூட்டிவந்து இந்தக் கூடத்தில் உட்காரவைத்து இதைக் கேட்கவைக்க வேண்டும் என்று தோன்றியது. மாலை வெயில் மேசைக்கு அடியில் வந்து, அக்கா செருகிய பச்சைத் துளையைத் தேடுகிற மாதிரி விழுந்தது. வாசலில் நாய் அடங்கிவிட்டது.

பாடம் முடியப்போகிறது என்றார் பயிற்சியாளர். இன்றைக்கு இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம். கடைசியாக ஒரே ஒரு வாக்கியம் மட்டும் பேசலாம். யாராவது பக்கத்தில் இருந்தால் அவரிடம் பேசுங்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் ஒன்றுதான், அதன் பிறகு நாளைக்குத்தான். சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் அப்படியே இருந்தார், தொட்டிச் செடிக்குப் பக்கத்தில், யார் பேசினாலும் கேட்பதற்குத் தயாராக.

அத்தான் யோசித்தார். பேருந்து எதையாவது அறிவிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். ஓசிப்பெட்டிக்கு நன்றி சொல்வார் என்றுகூடக் கொஞ்சம் ஆசைப்பட்டேன். பலகையை எடுத்தார், ஒத்திகை பார்க்கிற மாதிரி ஏதோ எழுதினார், அழித்தார். பிறகு பலகையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியோடு சுற்றி அக்காவைப் பார்த்துத் திரும்பினார். அக்கா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள். ரப்பர் இன்னும் மணிக்கட்டில் இருந்தது.

அவர் வயிற்றில் கை வைத்து, பயிற்சியாளர் சொன்னபடியே அவசரப்படாமல் மூச்சை இழுத்தார். குரல் வந்தது. முன்னைவிடக் கீழே, ஜல்லி கொட்டிய சாலையில் மெதுவாக நடக்கிற மாதிரி.

"கொஞ்சம் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டு, இது நான்தானான்னு நீ சொல்லேன்."